தானப்பா மறைத்த கார்டு

மறதி நோய் வந்தவர்கள் இருக்கும் வீட்டில் டிவி ஒரு பெரிய பிரச்சினை. மாத்திரை, தூக்கம், பாத்ரூமில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது, வாசல் கதவைப் பூட்டி வைப்பது என்று டாக்டர்கள் நிறையச் சொன்னார்கள். பகல் முழுக்க ஒரு மனுஷி எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அம்மா சீரியல் ரசிகை. 1999 டிசம்பரில் 'சித்தி' ஆரம்பித்ததிலிருந்து அவளுடைய ராத்திரிச் சமையல் நேரமே மாறிப்போனது. 'மெட்டி ஒலி', அப்புறம் ஆறு வருஷம் ஓடிய 'கோலங்கள்' என்று ஒன்றையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நோய் வந்ததும் முதலில் கைவிட்டுப் போனது சீரியல்தான். நேற்று யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருந்தால்தான் இன்றைக்கு நடப்பது புரியும். அம்மாவிடம் நேற்று இல்லை. போதாக்குறைக்கு, ஒருத்தி அதிர்ச்சி அடைந்தால் அதே முகத்தை மூன்று தரம் இடி முழக்கத்தோடு காட்டுகிறார்களே, அதைப் பார்த்து அவள் நிஜமாகவே பயந்தாள். சண்டை நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "போங்கடா வெளியே" என்று எழுந்து நின்ற நாட்கள் உண்டு.

பழைய தொடர்கள் பக்கம் நான் போனது ரசனையினால் அல்ல. வேறு வழி தெரியாமல்தான்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தையும் 'மகாபாரத'த்தையும் மறுபடி போட்டது. அம்மாவுக்கு அப்போது ஆரம்ப நிலை. அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதத்தை அவள் எங்களைவிட நன்றாகப் பின்தொடர்ந்தாள். சின்ன வயதில் விடிய விடியக் கூத்தில் பார்த்த கதை. சகுனி காயைக் கையில் எடுத்தவுடனேயே, "பாரு, இனிமே வீடு வாசல் எல்லாம் போகும்" என்பாள். 'மெட்டி ஒலி'யும் அந்தச் சமயத்தில் சன் டிவியில் திரும்ப வந்தது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாதவளுக்கு அந்த ஐந்து பெண்களில் யார் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று தெரிந்திருந்தது. இந்த நோய் அண்மையில் நடந்ததைத்தான் முதலில் அழிக்கும். பழையது ரொம்ப நாள் நிற்கும். இதை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார். எனக்கு அது புரிந்தது 'மெட்டி ஒலி' பார்த்தபோதுதான்.

மறுஒளிபரப்பெல்லாம் முடிந்து கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற ஒரு மத்தியானம் யூடியூபில் 'மால்குடி டேஸ்' போட்டேன், ஆர்.கே.நாராயணின் கதைகளை வைத்துத் தூர்தர்ஷனில் வந்த பழைய இந்தித் தொடர். எனக்காகத்தான் போட்டேன். ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டுச் சித்திரங்கள் வந்தன, அந்தப் பாட்டில்லாத ராகம் ஆரம்பித்தது. பக்கத்தில் அம்மா அதைச் சேர்ந்து முனகினாள். தப்பில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அம்மா 'மால்குடி டேஸ்' பார்த்ததே கிடையாது.

உறையூரில் நாங்கள் இருந்தது வரிசை வீடு. 1987 வாக்கில் அந்த வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி, கருப்பு வெள்ளை சாலிடேர். பிள்ளைகள் எல்லோரும் அங்கே போய்த் தரையில் உட்காருவோம். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் தொப்பியும் அவன் ஓடுகிற ஓட்டமும் போதுமாக இருந்தது. அந்த நேரத்தில் அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் இருப்பாள். மாமியார், நாத்தனார், நாங்கள் என்று ஏழெட்டுப் பேருக்குத் தோசை ஊற்ற வேண்டும். வாரா வாரம் அவளுக்குக் கிடைத்தது சுவர் வழியாக வந்த அந்த ராகம் மட்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக அவளுக்குள் அது இருந்திருக்கிறது. அது எந்தப் படத்துக்கு முன்னால் வரும் ராகம் என்பதை எழுபது வயதுக்கு மேல் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மால்குடிதான். நான் திரும்பப் பார்க்கிறேன். அம்மா புதிதாகப் பார்க்கிறாள். ஒரே கதையை அடுத்த வாரம் போட்டாலும் அவளுக்குப் புதிதுதான்.

ஏன் இது அவளுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்கப் பார்க்கப் புரிந்தது. சங்கர் நாக் எடுத்த இந்தத் தொடரில் பெரும்பாலான கதைகள் ஒரே அத்தியாயத்தில், அரை மணிக்குள் முடிந்துவிடும். 'சுவாமியும் நண்பர்களும்' மாதிரி சில மட்டும்தான் பல வாரம் நீளும். ஒரு கதைக்கு மூன்று, நான்கு பேர். ஒருவர் தெருவில் நடந்து வந்தால், வந்து சேரும் வரை கேமரா காத்திருக்கும். அம்மாவுக்கு ஒரு முகத்தைப் பார்த்து, அது யார் என்று மனசுக்குள் தேடி எடுக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை இந்தப் படம் கொடுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டும் ஆகும்பேயில்தான் பெரும்பகுதி எடுத்தார்கள். ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், பித்தளைச் சொம்பு என்று அம்மாவுக்குத் தெரியாத பொருள் அதில் ஒன்றும் இல்லை. அவளை இன்றைக்குக் குழப்புகிற செல்போனோ லிஃப்டோ அதில் வராது. இசை நம் எல்.வைத்தியநாதன். வசனமே இல்லாத 'பேசும் படம்' வந்ததும் அதே காலம்தான், அதற்கும் இசை அவர்தான். வாய்ப்பேச்சு இல்லாமல் ஒரு காட்சியை நடத்திக்கொண்டு போவது அவருக்குக் கைவந்த விஷயம். இந்தி தெரியாத ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நான் தினமும் பார்க்கிறேன். இதையெல்லாம் எடுக்கும்போது சங்கர் நாக் முப்பதை ஒட்டிய இளைஞர். 1990இல் சாலை விபத்தில் போனபோது வயது முப்பத்தைந்து. அவ்வளவு சின்ன வயதில் இப்படி ஒரு பொறுமை எங்கிருந்து வந்தது என்று நினைக்காமல் நான் ஒரு அத்தியாயத்தையும் முடித்ததில்லை.

லீலா என்ற சிறுமியும் வேலைக்காரன் சித்தாவும் வரும் கதையை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்போம் என்று தெரியாது. குழந்தையின் தங்கச் சங்கிலி காணாமல் போகிறது; பழி சித்தா மேல்; போலீஸ் வருகிறது. சங்கிலி கடைசியில் புளிப் பானைக்குள் கிடைக்கிறது, குழந்தையே போட்டு வைத்தது. சின்ன வயதில் எனக்கு இது திருடன் போலீஸ் கதை. சங்கிலி எங்கே என்பதுதான் கேள்வி. அம்மா சங்கிலியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஒவ்வொரு தரமும், பழி விழுந்த உடனேயே என் கையைப் பிடித்து, "அந்தப் புள்ள எடுத்திருக்காதுடி. குழந்தைகிட்ட எப்படிச் சிரிச்சான் பாத்தல்ல?" என்பாள். அவளுக்கு ஒவ்வொரு தரமும் இது முதல் தரம். ஒவ்வொரு தரமும் அவள் சித்தாவை நம்புகிறாள். முடிவு தெரிந்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலி கிடைத்த பிறகும் அந்த வீட்டுக்காரர் அவனைப் பற்றிப் பேசுவதை அவள் காதில் விழாமல் ஒலியைக் குறைக்கிறேன். புரியாத மொழி என்று தெரிந்தும் குறைக்கிறேன்.

இனி சின்ன மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் ஒரே தம்பி. லால்குடியில் இருந்தார். பொங்கலுக்குச் சீர் கொண்டுவர ஒரு வருஷமும் தவறியதில்லை. இளவட்டமாக இருந்தபோது சைக்கிள் கேரியரில் கரும்புக் கட்டை நீளவாக்கில் கட்டிக்கொண்டு உறையூர் வரைக்கும் மிதித்து வருவார். கரும்பின் தோகை ரோட்டில் இழுபடும். பின்னால் பஸ், அப்புறம் மகனின் கார். வண்டி மாறியதே தவிர மஞ்சள் கொத்தும் வெல்லமும் பச்சரிசியும் மாறவில்லை. அவர் மாரடைப்பில் போய்விட்டார். அன்றைக்கு அம்மாவை அழைத்துப் போனோம். அழுதாள், கோடி போட்டாள், எல்லாம் செய்தாள். மறுநாள் காலையில், "தம்பி பேசவே இல்லையே, ஒரு போன் போடேன்" என்றாள்.

சொன்னேன். அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டவள் மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். மறுபடி அதே அழுகை, ஒரு துளி குறையாமல். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமாவுக்குப் பஸ் கிடைக்கலையாம்மா, நாளைக்கு வர்றாராம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளும் "சரி" என்று விட்டுவிடுவாள். சொந்த அம்மாவிடம் தினமும் ஒரு சாவை மறைக்கிறேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட.

ஒருநாள் ஒன்று முடிந்து அடுத்த அத்தியாயம் தானாக ஓட ஆரம்பித்தது. தபால்காரர் தானப்பாவின் கதை. எனக்கு ஆர்.கே.நாராயணின் புத்தகத்திலேயே தெரியும். ராமானுஜம் வீட்டுக்குப் பல வருஷமாகக் கடிதம் கொண்டுவருகிறவர் தானப்பா. அந்த வீட்டுப் பெண் காமாட்சி பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். அவளுக்கு வரன் அமைவதில்கூட அவர் பங்கு உண்டு. மே 20 கல்யாணம். அந்த நாளை விட்டால் பல வருஷம் தள்ளிப்போகும். அதற்கு முந்தின நாள், சேலத்தில் இருக்கும் ராமானுஜத்தின் சித்தப்பா சாகக் கிடக்கிறார் என்று ஒரு கார்டு வருகிறது. கல்யாணத்தன்று சாவுத் தந்தி. இரண்டையும் தானப்பா கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்து நீட்டுகிறார்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

அம்மா உன்னிப்பாகப் பார்த்தாள். கல்யாண வீட்டு இரைச்சலுக்கு நடுவே தானப்பா வளைய வருகிறார். யாரும் அவர்மேல் சந்தேகப்படவில்லை. அம்மா மட்டும் முன்னால் சாய்ந்து, "அந்தாளு எதையோ வச்சுக்கிட்டுத் திரியிறாண்டி. மூஞ்சியைப் பாரேன்" என்றாள்.

இந்தி புரியாது. கார்டில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். சித்தா எடுக்கவில்லை என்று சொன்னதும் அதே மாதிரிதான். வார்த்தை அவளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதே தவிர, முகம் படிக்கிற வித்தை அப்படியே இருக்கிறது. அப்படியானால், பஸ் கிடைக்கவில்லை என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தில் எதைப் பார்த்திருப்பாள்? "சரி" என்று விட்டுவிட்டது நம்பியதாலா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டா?

அதற்குப் பிறகு பஸ் கதையை விட்டுவிட்டேன். தம்பி எங்கே என்று அவள் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எதிரில் உட்காருகிறேன். "மாமா அந்தக் காலத்துல சைக்கிள்ல கரும்பு கொண்டாருவாரே, எப்படிம்மா கட்டுவாரு?" என்று கேட்கிறேன். அவ்வளவுதான், அவள் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கேரியரில் சாக்கை நாலாக மடித்துப் போடுவானாம். அடிக்கரும்பு முன்பக்கம் வர வேண்டுமாம். ஒருதரம் காவேரிப் பாலத்தில் மாடு ஒன்று பின்னாலேயே வந்து பாதித் தோகையைத் தின்றுவிட்டதாம். சில நாள் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, "இப்ப அவன் இல்லல்ல?" என்று அவளே கேட்கிறாள். "இல்லம்மா" என்கிறேன். அப்போது அழுகிறாள், நானும் அழுகிறேன். ஆனால் சேதி கேட்டு அலறுகிற அழுகை இல்லை அது.

அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயத்தையும் போட்டுக் காட்டினேன். அவன் பக்கம் வேறு. "ராமானுஜத்தோட சித்தப்பா செத்த சேதி ராமானுஜத்துக்குச் சேர வேண்டியது. நல்லதுக்குன்னாலும் அதை வச்சுக்க தானப்பாவுக்கு என்ன உரிமை? நீ செஞ்சதும் அதான்" என்றான். ராமானுஜத்துக்குக் கல்யாணம் முடிந்த பிறகாவது துக்கம் உண்டு, தீட்டு உண்டு, காரியம் உண்டு. பதினாறாம் நாள் என்று ஒன்று வந்து அந்தத் துக்கத்தை ஒரு கரை சேர்க்கும். அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தானே, அவளை எத்தனை முதல் நாளில் நிறுத்துவது என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "என்கிட்ட கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்வேன்" என்று மட்டும் சொன்னான்.

ராமானுஜமும் கடைசியில் தானப்பா மேல் புகார் எழுதப் போவதில்லை என்கிறார். இப்படிச் செய்துவிட்டாயே என்ற வருத்தத்தை மட்டும் மறைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அந்த ஒரு மனுஷனுக்குள் பார்க்கிறேன்.

வரும் பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். சீர் அவனே வாங்கி வருகிறானாம். மஞ்சள் கொத்து, வெல்லம், கரும்புக் கட்டு எல்லாம். அம்மா அதைப் பார்த்ததும் தம்பியைக் கேட்பாள், அது நிச்சயம். அப்போது நான் பேசப் போவதில்லை. என்ன சொல்வது என்பதை அவனிடம் விட்டிருக்கிறேன்.