எத்தியோப்பியாவிலிருந்து வந்த விருந்தாளி

கார்த்திகை 3

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எத்தியோப்பியப் பெண்ணொருத்தி, காப்பிச் செடிகளைப் பற்றிய தன் ஆராய்ச்சியின் நிமித்தம் ஏற்காட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்திருப்பதாகவும், விடுதியைக் காட்டிலும் ஒரு குடும்பத்தோடு இருப்பதே அவளுக்கு உசிதம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார், நானும் சம்மதித்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த பஸ்ஸிலிருந்து இன்று மாலை அவள் இறங்கியதும், என் தாயார் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு, வாந்தி எடுத்தியா?" என்பது. தமிழ் அறியாத அவள் எப்படியோ அதன் பொருளைக் கிரகித்துக்கொண்டு, சிரித்தபடி இல்லையென்று கையசைத்தாள்.

கார்த்திகை 6

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்ட வரலாற்றை, ஏதோ என் பாட்டனாரே உடனிருந்து குழி வெட்டியதைப் போன்ற பெருமிதத்துடன் நான் விஸ்தரித்துக்கொண்டே போக, அவள் மிகுந்த பொறுமையுடன் கேட்டிருந்துவிட்டு, தன் ஊராகிய ஜிம்மாவின் சுற்றுப்புறக் காடுகளில், யாரும் நடாமலும் நீர் வார்க்காமலும், பெருமரங்களின் நிழலில் அது தானே முளைத்து வளர்கிறது என்றாள். அராபிகாவின் ஜன்மபூமி அது. நம்முடைய சில்வர் ஓக் நிழலும், அதில் படர்ந்த மிளகுக் கொடியும், அவள் கண்ணுக்கு அந்தக் காட்டைப் பார்த்து எழுதிய நகலாகவே தோன்றியிருக்கும்.

கீழ்ச்சரிவில் 'செலக்‌ஷன் 9' என்னும் ரகம் ஒரு வரிசை நிற்கிறது. 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காப்பிப் பயிரையே சில பத்தாண்டுகளில் நாசமாக்கிய இலைத்துரு நோயைத் தாங்கி நிற்கும்பொருட்டு, எத்தியோப்பியாவின் 'டஃபாரிகெலா'வையும் திமோர்த் தீவின் கலப்பினத்தையும் இணைத்து உருவாக்கியது அது. அவ்விடம் வந்ததும் அவள் இலையொன்றைத் திருப்பி அடிப்புறம் பார்த்து, "இவளும் எங்கள் ஊர்க்காரிதான், எனக்கு முந்தியே வந்துவிட்டாள்" என்றாள்.

கார்த்திகை 10

இன்று முதல் பால், மோர், முட்டை, மாமிசம் ஒன்றும் அவள் தொடுவதில்லை. அவர்களுடைய வைதிகச் சபையில் கிறிஸ்துமஸ் வருவது ஜனவரி 7-ஆம் தேதியாம், அதுவரையில் விரதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐயப்பனுக்கு மாலையிட்டிருக்கும் இக்காலத்தில், விரதம் என்ற விஷயத்தை அம்மாவுக்கு விளக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. மாமிசத்தை விலக்கியதை மெச்சிய அவர், பாலையும் விலக்கியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

கார்த்திகை 19

சமையலறையில் இன்று ஒரு சர்ச்சை. தன் ஊரில் 'டெஃப்' என்னும் பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்துப் பெரிய தட்டையான அப்பமாகச் சுடுவார்கள் என்றும், அது இங்கே கிடைக்காமையால் ராகி மாவில் முயன்று பார்ப்பதாகவும் அவள் சொன்னாள். ராகியும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பயிராகிப் பின்னரே இங்கு வந்தது என்று நான் இடையில் புகுந்து சொல்லப்போக, "களி கூட நம்மளுது இல்லையா? போடா!" என்று அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அப்பம் என்னவோ நன்றாகவே வந்தது. அம்மா இரண்டு தின்றார், அபிப்பிராயம் சொல்லவில்லை.

மாலையில் பேச்சு அவள் பாட்டனாரைப் பற்றித் திரும்பிற்று. ஹைலி செலாஸி சக்கரவர்த்தியின் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் ஏராளமாகச் சென்றார்கள் அல்லவா? பாட்டனாருக்குக் கணிதம் போதித்தவரும் அப்படிச் சென்ற ஒருவரேயாம். எனவே இந்தியா என்றால் அவள் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது தாஜ்மகாலன்று, கணக்குத் தப்பினால் விழும் பிரம்படிதான்.

மார்கழி 23

இன்று அவளுக்குக் கிறிஸ்துமஸ். தங்கள் நாட்டு முறையில் காப்பி போடுவதாகச் சொல்லி, கூடத்தில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, கரியடுப்பில் பச்சைக் கொட்டையை வறுக்க ஆரம்பித்தவள், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். வீட்டார் மட்டுமே என்றேன். அக்கம்பக்கத்தை அழைக்காமல் காப்பி போடும் வழக்கம் தங்களிடம் இல்லையென்று சொல்லி, எழுந்து போய், களத்தில் கொட்டை கிளறிக்கொண்டிருந்த பெண்களைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

அவர்கள் இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரரில் மூத்தவன் வழி வந்தவர்களென்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். காப்பிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வெகுகாலம் முந்தி இங்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பின்கட்டில், தனியே வைத்த தம்ளர்களில், டீ கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் நிலைப்படியில் நிற்க, அம்மா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உள்ள வாங்க" என்றார்.

வறுபட்ட கொட்டையை, புகை அடங்குமுன், ஒவ்வொருவர் முகத்தருகேயும் அவள் கொண்டுவந்து காட்டினாள். அவர்களில் மூத்தவள், பாவாடை கட்டிய பருவத்திலிருந்தே இத்தோட்டத்தில் பழம் பறிக்கிறவள், குனிந்து முகர்ந்து, "பறிச்சதெல்லாம் மூட்டையாப் போயிருதுங்க; வறுத்து நான் பார்த்ததில்லை" என்றாள். பிறகு உரலில் இடித்து, மண் கூஜாவுக்குப் பதிலாக எங்கள் செம்பில் கொதிக்க வைத்தாள். அதே பொடியில் மூன்று முறை வடித்துக் கொடுப்பது அவள் ஊர்ச் சம்பிரதாயம்; மூன்றாவது சுற்றுக்கு 'பரக்கா', ஆசீர்வாதம், என்று பெயர். முதல் சுற்றின் கசப்பில் முகம் சுளித்த மூத்தவள், சர்க்கரை கேட்டு வாங்கிக்கொண்டு மூன்றையும் குடித்தாள்.

மார்கழி 24

காலையில் பின்கட்டுக்கு டீ தயாராயிற்று. தம்ளர்களை எடுக்கப் போன அம்மா, சமையலறை அலமாரிக்கும் கொல்லை மாடத்துக்கும் நடுவே சற்றே நின்று, பின்னர் மாடத்திலிருந்தே எடுத்து வந்தார். அந்தப் பெண்ணும் அம்மாடத்திலிருந்தே தனக்கொரு தம்ளரை எடுத்து டீயை ஊற்றிக்கொண்டு, அவர்களுடன் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ இன்னும் எத்தனை நாள் இருப்பா?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

மாசி வரை என்றேன்.