துரு

நம் புதுக்கவிதைகளில் துரு அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் காலத்தின் குறியீடாக. தூத்துக்குடியில் வாகனக்கடன் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இதை ஒப்புக்கொள்ளச் சிரமமாக இருக்கிறது.

மதுரையில் இருக்கும் சித்தப்பா மகனும் நானும் ஒரே வருஷம் ஸ்கூட்டர் வாங்கினோம். அவனுடையது இன்றும் ஓடுகிறது. என்னுடையதில் கால் வைக்கும் தகடு ஒரு நாள் முத்தையாபுரம் அருகே செருப்போடு கீழே போயிற்று. மேலே பெயிண்ட் பளபளப்பாகவே இருந்தது. காலம் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். நான் தினமும் திருச்செந்தூர் ரோட்டில், உப்பளங்களை ஒட்டி, நீர் சொட்டும் உப்பு லாரிகளின் பின்னால் போய்வந்தேன், அவன் போகவில்லை.

உப்பு இரும்பைத் தின்பதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கிறது. அந்த உப்புநீரில் மின்னோட்டம் சுலபமாகி, துரு வேகம் கொள்கிறது. கனடாவில் பனிக்காலத்தில், நாம் பாத்தியில் வாரிக் குவிப்பதை ரோட்டில் இறைக்கிறார்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உறையாது. விபத்து குறைகிறது, கார்கள் அடியிலிருந்து அரிபடுகின்றன.

எங்கள் பேரேட்டில் எல்லா வண்டிக்கும் தேய்மானம் ஒரே சதவீதம். அதுவும் காலத்தை நம்புகிற கவிதைதான். மூன்று தவணை பாக்கி வைத்த உப்பு லாரிக்காரர் ஒருவர், சேஸிஸுக்கு வெல்டிங் வைத்தே பணம் போயிற்று என்றார். "வெளியதான் நிக்குது. அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்." நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாலையில் நோட்டீஸ் டைப் செய்தேன்.

என் ஸ்கூட்டர் அப்போது புதிது.