ஒரே தெருவிலிருந்து

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து ஆட்டோவிலும் பைக்கிலும் ஆட்கள் மருத்துவமனைக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வாந்தி, பேதி, வயிற்றைப் பிசைகிற வலி. நான் தொற்றுநோய் மருத்துவம் படித்தவள். ஒரே தெருவில் இத்தனை பேருக்கு ஒரே நாளில் என்றால் என் மனம் குடிதண்ணீர்க் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்கும். ஓ139 என்ற புதுவகைக் காலரா 1992-ல் தலைகாட்டியது சென்னையில்தான். அந்தப் பாடத்தில் ஊறியவர்கள் நாங்கள்.

ஆனால் கணக்கு உதைத்தது. தண்ணீரில் கோளாறு என்றால் குழந்தைகள்தான் முதலில் சுருண்டு விழும். நான் பார்த்தவர்களில் குழந்தையே இல்லை. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் ஆண்கள், சில பெண்கள். ஒரு பெரியவரின் கைத்தோலைக் கிள்ளி விட்டேன், உடனே படிந்தது. நாக்கில் ஈரம் இருந்தது. உடம்பில் நீர் வற்றவில்லை, ஆனாலும் மலையேறி வந்தவர்போல ஆழமாக மூச்சு வாங்கினார். இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன்.

"கண்ணு மசமசன்னு இருக்குதும்மா. ஒண்ணும் தெரியல."

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "அதே சோறு, அதே தண்ணிதாங்க நாங்களும். எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து பாக்கெட் சாராயம் வாங்கிக் குடிச்சாருங்க டாக்டரம்மா. போலீசுக்குச் சொல்லிடாதீங்க."

மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தம் புளிக்கிறது, பார்வை நரம்பு கருகுகிறது. குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, சாதாரண போதைபோலவே இருக்கும். அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் கொடுக்கலாம். அது இல்லாத இடத்தில் அளவோடு எத்தனால். சோடியம் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ். எல்லாமே நேரத்தோடு போட்டி. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. அறுபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை.

அன்று எனக்குக் கைகொடுத்தது கிருமிகளைப் பற்றிய அறிவல்ல. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எப்போது, பொதுவாக எதைத் தொட்டார்கள் என்று அடுக்கிக் கேட்கும் பழக்கம். காலராவுக்காக உண்டான பழக்கம் அது. அந்தப் பெண் வாய் திறந்திருக்காவிட்டால் அதுவும் பயன்பட்டிருக்காது. போலீஸ் பயத்தில் மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு ஜோடிக் கண்.

பழி உடனே கல்வராயன் மலைமேல் விழுந்தது. மலையில் சாராய ஊறல் போடுகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் மெத்தனால் ஊறல் பானையில் பிறப்பதல்ல. ஆலையில் தயாராகும் ரசாயனம். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளாகப் பேசியதை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து, மெத்தனால் விஷத்தை அடையாளம் காணவும் சிகிச்சை தரவும் பல நாடுகளில் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. உலக சுகாதாரப் பயிற்சி என்றால் லண்டனுக்கோ லிமாவுக்கோ போய் வருவது என்றுதான் நம் இளம் மருத்துவர்கள் நினைக்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே விஷம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. பாடம் பக்கத்து மாவட்டத்திலேயே இருந்தது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இந்தப் பயிற்சி தமிழில் வேண்டும். காய்ச்சலோடு வருபவரின் அக்குளில் உண்ணிக்காய்ச்சலின் கருத்த பொருக்கைத் தேடச் சொல்லித் தருகிறோம். வாந்தியோடு கூட்டமாக வருபவர்களிடம் கண் தெரிகிறதா என்று கேட்பதையும் அதே வகுப்பில் சேர்க்கச் சொல்லி, போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டுவருகிறேன்.