கடலோரம் ஒரு நாள்

தாம்பரத்தில் குடியிருப்போர்க்குக் கடல் வெகு தொலைவில் இல்லை. ஆயினும் நம்மில் பலர் அதை ஆண்டுக்கு ஒருமுறைகூடக் காண்பதில்லை. மின்சார ரயில், அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. எங்கள் வீட்டிலோ கடலைக் காணாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது.

என் மாமியார் கடற்கரை ஊரொன்றில் பிறந்தவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. அவர்களுள் அத்தையின் தம்பியும் ஒருவர். வலையைப் பார்க்கக் கரைக்குச் சென்றவர் திரும்பவில்லை. அன்றுமுதல் அத்தை கடல் இருந்த திசைக்கே முகம் கொடுத்ததில்லை.

இந்நிலையில்தான் பதின்மூன்று வயதான என் மகன், கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க வேண்டும் என்று அடம் பிடித்தான். அவன் தாய் மறுத்தாள். நான் செய்வதறியாது நின்றேன். மூன்றாம் நாள் இரவு உணவுக்குப்பின் அத்தை, "நானும் வருகிறேன். பிள்ளை எந்தக் கடலில் இறங்கப் போகிறான் என்று நான் பார்க்க வேண்டும்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகை வண்டியில் புறப்பட்டோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் தண்ணீர்க்குடமும் உடன் வந்தன. வெயில் ஏறுமுன் மாமல்லபுரத்தில் பாறை ஏறிவிட்டு, திரும்பும் வழியில் மாலையில் கோவளம் சேர்வது எங்கள் திட்டம்.

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் கடந்து பெரும்பாக்கம் வந்தபோது கிழக்கு வெளுத்தது. அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பனியில் மூழ்கிக் கிடந்தது. உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலமென 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நிலம் இது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் நீர் இச்சதுப்புக்கே வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே ஓடி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். இதைச் சொன்னதும் என் மகள், "அப்படியென்றால் நம் ஏரித் தண்ணீர் நமக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டதா?" என்று கேட்டாள். அத்தையின் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றிற்று.

சோழிங்கநல்லூரையும் கால்வாயையும் தாண்டி, அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தோம். முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது, ஒருபுறம் படகுகள் கட்டப்பட்ட உப்பங்கழியும் மறுபுறம் கடலும் ஒருங்கே தெரிந்தன. பிள்ளைகள் ஆரவாரித்தனர். அத்தை கழியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரத்துப் பாறைக் குன்றில் பிள்ளைகள் ஓடியேறினர். உச்சியில் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் முற்காலத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினர். இப்போதைய கலங்கரை விளக்கம் அதன் அருகிலேயே நிற்கிறது. கீழே, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் தெரிந்தது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற தொகுதியைச் சேர்ந்தது அது.

கரைக்கு வந்தபோது, எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல் சில இளைஞர்கள் கடலில் இறங்கிக்கொண்டிருந்தனர். அதுவரை சவுக்கு நிழலில் அமர்ந்திருந்த அத்தை விரைந்து எழுந்தார்.

"அதோ பார். இருபுறமும் அலை உடைகிறது; நடுவில் மட்டும் உடையவில்லை. அமைதியான இடமென்று அங்கே போகிறார்கள். கடல் ஆளை இழுக்கும் வாசலே அதுதான்" என்றார். பிறகு தாமே நடந்து சென்று, "தம்பிகளே, அந்த இடம் வேண்டாம், வெளியே வாருங்கள்" என்று உரக்க அழைத்தார். ஒருவன் சிரித்தான். ஆயினும் அந்தக் குரலில் இருந்த உறுதி அவர்களைக் கரையேற்றியது.

அத்தை சொன்னதன் காரணம் எளியது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியாகக் குறுகிய ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப் போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவ்வோட்டத்தினின்று விலகலாம். பின்னர் கரை சேரலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர் அன்று இவ்வளவும் சொன்னார். அவர் கடலை மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் நின்றோம். ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபின் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து, 2005ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தனர். மண்ணுள் புதைந்திருந்த முருகன் கோயில் ஒன்றைக் கண்டனர். பல்லவர் காலக் கட்டடத்தின் அடியில், அதற்கும் முந்தைய செங்கற்கோயில் இருந்தது. அத்தை அச்செங்கற்களை நெடுநேரம் பார்த்தார்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைச் சாலையிலிருந்தே காட்டினேன். 2013இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் தொடங்கிய இரண்டாம் ஆலை 15 கோடி லிட்டரும் நன்னீர் தரும் திறனுடையவை. ஏரிநீரைக் கடலுக்கு அனுப்பும் நம் புறநகர்ப் பகுதி, கடல்நீரைக் குடிநீராகத் திரும்பப் பெறுகிறது.

வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணையைப் பிள்ளைகள் சுற்றி வந்தனர். 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே வளாகத்தில் இயங்கி வருகிறது. அவர்கள் பாம்பிலிருந்து எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. "பாம்பென்றால் அவர்களுக்குப் பயமில்லையா?" என்றாள் மகள். "பயம் இருக்கும். ஆனால் பாம்பை அவர்களுக்குத் தெரியும்" என்றார் அத்தை.

மாலை நான்கு மணியளவில் கோவளம் சேர்ந்தோம். 1808இல் ஜான் டி மான்டி என்னும் வணிகர் கட்டிய கார்மேல் அன்னை ஆலயமும், தமீம் அன்சாரி தர்காவும் இவ்வூரின் அடையாளங்கள். ஆலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டுவிட்டுக் கரைக்குச் சென்றோம். இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் போன்றோரின் முயற்சியால் இக்கரை அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்றது. 2013இல் இங்கே அதற்கென விழாவும் தொடங்கிற்று. மீனவக் குடும்பங்களின் இளைஞர்களே இங்கு ஆசிரியர்கள்.

எங்கள் மகனுக்குக் கற்பிக்க வந்த இளைஞர் முதலில் அவனை நீரில் இறக்கவில்லை. மணலில் பலகையை வைத்துப் படுக்கவும், துள்ளி எழவும், முக்கியமாக விழவும் பழக்கினார். தலைகீழாகப் பாயாமல் உடலைப் பரப்பி விழ வேண்டும். நீரைவிட்டு எழும்போது கைகளால் தலையைக் காக்க வேண்டும். அத்தை அருகே சென்று அவரைச் சோதிக்கலானார். "தம்பி, இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்? ஆழம் எங்கே தொடங்குகிறது? இழுப்பு எங்கே?" இளைஞர் ஒவ்வொன்றையும் கைகாட்டி விளக்கினார். பிறகு, "ஆயா, நீங்கள் நம் கரை ஆள்தானே?" என்றார். அத்தை தலையசைத்தார்.

மகன் எட்டுமுறை விழுந்தான். ஒன்பதாம் முறை எழுந்து நின்றான். மூன்று நொடிகள் இருக்கலாம். அவன் தாய் அழுதுகொண்டே கைதட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை சேலையைச் சற்றே உயர்த்திப் பிடித்து, கணுக்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து ஒரு கை நீரை அள்ளி, சிறிது நேரம் வைத்திருந்து, மீண்டும் கடலிலேயே விட்டார். நாங்கள் யாரும் அருகில் செல்லவில்லை.

கேளம்பாக்கம் உப்பளங்களின் மேல் சூரியன் மறைய, வண்டலூர் வழியே வீடு திரும்பினோம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். அத்தை மட்டும் தம் தம்பி சிறுவயதில் கட்டுமரம் தள்ளக் கற்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அதை என் மனைவியும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

வாசக நேயர்களே, விடுமுறையில் நீங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலோரம் செல்லுங்கள். அங்கே அலையை அறிந்தவர்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். கடலை அஞ்சி ஒதுங்கிய முதியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.