ஊசி போச்சு... உசுரு இருக்கு!

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மவுன்ட் ரோட்டுக்கு வந்ததும், 'ரிச்சி தெரு எங்கே இருக்கு?' என்று யாரையும் கேட்காதீங்க. கையில் மானிட்டரோ, மதர்போர்டோ, மூச்சை நிறுத்திய மொபைலோ வைத்துக்கொண்டு வேகமாகப் போகிற ஒருத்தர் பின்னாடியே நடங்க. அவர் நிச்சயமா அங்கேதான் போவார்!

ரேடியோ உதிரிபாகங்களில் ஆரம்பித்து டி.வி, கம்ப்யூட்டர், செல்போன், சிசிடிவி என்று காலத்துக்கேற்ப சட்டை மாற்றிக்கொண்டே வந்த தெரு இது. பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்தால்தான் ரிச்சி தெரு முழுசு. பிளாட்பாரத்தில் ரிமோட்டுகள் மீன் மாதிரி குவிந்து கிடக்கும். ஒயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவாங்க. நடுவில் ஒரு பைக் நுழையும், எதிரே ஒரு தள்ளுவண்டி நுழையும், ரெண்டும் நகராது. அந்த கேப்பில் நீங்க ஒரு டீயே குடிச்சிடலாம்.

நான் போனது ஒரு தீப்பெட்டியோடு. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருள். ஷ்யூர் எம்-75 கார்ட்ரிட்ஜ். ரெக்கார்டு பிளேயரின் கை இருக்கிறதே, அதன் நுனியில் உட்கார்ந்து இசைத்தட்டைத் தொடுவது இதுதான். பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு 1979-ல் திரும்பியபோது கொண்டுவந்த காரார்ட் பிளேயரோடு வந்தது. அந்த பிளேயரில் இடது பக்கம் பாட்டு வரவில்லை. வலது பக்கம் கரகரவென்று யாரோ அப்பளம் நொறுக்குகிற சத்தம்.

"புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போ"னு நீங்க சொல்லலாம். நானும் அதையேதான் சொன்னேன். பெரியப்பா பதில் பேசாமல் உள்ளே போய் ஒரு சின்ன ரெக்கார்டை எடுத்து வந்தார். 'அன்னக்கிளி', 1976. இளையராஜாவின் முதல் படம். கவரின் பின்பக்கம் நீல மையில் பெரியம்மாவின் பெயர், அவங்க கையெழுத்திலேயே. பெரியம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. "இதை அவ இந்த மிஷின்லதான் கேட்டா. முடிஞ்சா ரிப்பேர் பண்ணு. இல்லேன்னா விட்டுடு"ன்னார்.

இப்போ புரியுதா, தீப்பெட்டியை நான் ஏன் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்னு?

முதல் கடையில் பார்க்கவே மாட்டேன் என்றார்கள். ரெண்டாவது கடைக்காரர் பார்த்தார். வளைந்திருந்த ஊசித் தண்டை இடுக்கியால் நிமிர்த்தி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் போதும் என்றார். ஓடி வந்துட்டேன். உங்களுக்கும் அதே அட்வைஸ்: இந்த விஷயத்தில் பசை டியூபை எடுக்கிறவர் கையில் எதையும் கொடுக்காதீங்க! அந்தத் தண்டு ஒரு ரப்பர் வளையத்தின் நடுவே மிதந்து ஆடணும். பசை போட்டால் ஆட்டம் காலி. ஊசி அப்புறம் பாட்டைப் படிக்காது, உழும்.

மூன்றாவதாக, மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ணுகிற பாய். தீப்பெட்டியைத் திறந்ததுமே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"முதல்ல எது செத்திருக்குன்னு பார்ப்போம் தம்பி. ஊசி செத்தா ஒரு கணக்கு. உடம்பு செத்தா வேற கணக்கு."

இதை நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கணும். இந்த வகை கார்ட்ரிட்ஜில் ரெண்டு பாகம். முன்பக்கம் இழுத்தால் கழன்று வருகிற ஊசி. அதன் ஒரு முனையில் வைரத் துணுக்கு, மறுமுனையில் குட்டிக் காந்தம். பின்னாடி இருக்கிற உடம்பில் முடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயில்கள். இசைத்தட்டுப் பள்ளத்தில் வைரம் ஆட, காந்தம் ஆட, காயிலில் மின்சாரம் பிறக்கும். அதுதான் பாட்டு. ஊசி தேயும், வேறு மாட்டலாம். காயில் அறுந்தால் அதைத் திரும்பச் சுற்றுவது நடக்கிற காரியமில்லை.

எதிர்க்கடையில் மொபைல் ஐசி சோல்டர் பண்ணுகிற பையனிடம் மைக்ரோஸ்கோப் கடன் கேட்டார் பாய். அந்தப் பையனுக்கு என் வயசுதான் இருக்கும், ரெக்கார்டு என்ற ஐட்டத்தையே பார்த்ததில்லையாம். லென்ஸில் நான் குனிந்து பார்த்தேன். வைரத்தின் நுனி வட்டமா இருக்கணும், அதன் ஆரம் 18 மைக்ரான் போல. இங்கே ரெண்டு பக்கமும் தேய்ந்து உளி மாதிரி தட்டையாகிவிட்டிருந்தது. ரப்பர் வளையம் கெட்டியாகி, காய்ந்த பலாப்பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்தது. "இதை வெச்சு ஓட்டினா உங்க ரெக்கார்டு செதுக்கிடும்"ன்னார் பாய். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று முந்தின நாள் ராத்திரி 'அன்னக்கிளி'யைக் கையில் எடுத்தவன் நான். வயிறு கலங்கிடுச்சு.

அடுத்து மல்டிமீட்டர். வலது பக்க பின்களில் வைத்தார், 600 ஓமுக்கு மேல் காட்டியது. நல்லது. இடது பக்கம் வைத்தார். ஒன்றுமில்லை. திரும்ப வைத்தார். ஒன்றுமே இல்லை.

அந்த நிமிஷம் தெருச் சத்தம் எதுவும் காதில் விழலை, பாஸ். பெரியப்பாவிடம் என்ன சொல்றதுன்னு வாக்கியம் தேடிட்டு இருந்தேன்.

பாய் அசரலை. பின்னைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பச்சையாகக் களிம்பு. பிளேடு முனையால் மெதுவா, கண்ணிமையில் மை தீட்டுகிற மாதிரி சுரண்டினார். மறுபடி மீட்டர். 600 சொச்சம்! "உசுரு இருக்கு தம்பி."

ஆனால் உங்க வீட்டுப் பரணில் இருப்பது சூட்கேஸ் மாதிரி மூடுகிற பழைய பிளேயர் என்றால் கதை வேறு. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். ரோஷெல் சால்ட் என்கிற ஒருவகை உப்புதான் அந்தக் கிரிஸ்டல். ஈரக் காற்றையும் வெயிலையும் அதால் தாங்க முடியாது. மெரினா பக்கத்து ஊரில் அது எத்தனை நாள் தாங்கும், நீங்களே சொல்லுங்க! அது செத்தால் ரிப்பேர் கிடையாது. செராமிக் கார்ட்ரிட்ஜ் பொருந்துதான்னு பாருங்க. டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் ரகமா? அதில் ஊசியைக் கழற்றவே முடியாது. புது நுனி வைக்கிற ஸ்பெஷலிஸ்ட்டுக்குத்தான் அனுப்பணும். நம்ம மல்டிமீட்டர் வேலையை அதன்மேல் காட்டாதீங்க.

சரி, எம்-75-க்கு ஊசி எங்கே? ஷ்யூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே நிறுத்திவிட்டது. பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் ஊசி கிடைத்தாலும் பெட்டிக்குள்ளேயே அதன் ரப்பருக்கும் வயசாகியிருக்கும். அதைத் தங்கம் விலை கொடுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படலை. பழைய தண்டில் புது வைரம் பதிக்கலாம் என்றால் வெளிநாட்டுக்குப் போய்வரும் செலவிலேயே புது கார்ட்ரிட்ஜ் வந்துவிடும். ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் ஜிகோ என்று ஒரு கம்பெனி. 1873-ல் தையல் ஊசி செய்ய ஆரம்பித்து, பிறகு ரெக்கார்டு ஊசிக்கு வந்தவர்கள். ஷ்யூருக்கு இன்றும் ஊசி செய்கிறார்கள். நமக்கு அதுதான் என்று முடிவு செய்தேன். விலை, ஒரு நல்ல ஹெட்ஃபோன் காசு.

பெரியப்பாவிடம் விவரம் சொன்னேன். காயில் பழசு, ஊசியும் காந்தமும் புதுசு. கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ காது அதேதான். நகம்தான் புதுசு?" என்றார். ஆமான்னேன். "சரி, மாட்டு."

ஊசி வந்தது. மாட்டியதும் 'அன்னக்கிளி'யைப் போடலை. ஊசி அழுத்தத்தை ரெண்டு கிராம் சொச்சத்துக்கு வைத்து (ரொம்பக் குறைத்தாலும் ஊசி குதித்துப் பள்ளத்தைக் கெடுக்கும்), ஏற்கெனவே கீறல் விழுந்த ஒரு பழைய பக்திப் பாடல் ரெக்கார்டை பலியாடாகப் போட்டோம். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பெரியப்பா எட்டணாவுக்கு வாங்கினதாம். ரெண்டு ஸ்பீக்கரிலும் நாதஸ்வரம்! கூடவே கீறலின் 'டக்... டக்'கும். அது ரெக்கார்டின் குணம், ஊசியை ஏன் குறை சொல்லணும்?

"அதை எடுக்கட்டுமா?" என்றேன்.

பெரியப்பா கவரைத் திருப்பி அந்த நீல மை எழுத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரெக்கார்டை அவரே எடுத்து, வேட்டி நுனியால் துடைக்கப் போனார்.

"ஐயோ பெரியப்பா, வேட்டி வேணாம், பிரஷ் இருக்கு!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்துட்டார்.