கழுத்துத் தமனியும் தேர்ந்த கையும்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து தமனி குறுகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். படிவிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மேலே போனால் பக்கவாதம். 1954-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் குறுகிய பகுதியை வெட்டியெடுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். இன்று தமனியைத் திறந்து படிவை மட்டும் உரித்தெடுப்பதே வழக்கம். எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, நோயாளியை மயக்கத்தில் வைப்பதா விழிப்பில் வைப்பதா, கத்தியே இல்லாமல் ஸ்டென்ட் வைத்துவிடலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இந்த வேலையை அரங்கில் கவனித்தும் ஆய்வுகளைப் படித்தும் நான் வந்திருக்கும் முடிவு இது: முறைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிடக் கைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரிது. நோயாளி எத்தனை நாளில் மேசைக்கு வந்தார் என்பதும் அதே அளவு முக்கியம்.

அரங்கில் முதலில் கண்ணில் படுவது நிதானம். கழுத்துத் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீறி, நாக்கை அசைக்கும் நரம்பையும் வேகஸ் நரம்பையும் காயப்படுத்தாமல் விலக்கி, தமனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறார்கள். அதை அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் படிவு உதிர்ந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுத்துக் கிளாம்ப் போட்டதும், அந்தப் பக்க மூளைக்கு மற்ற வழிகளில் போதிய ரத்தம் போகிறதா என்பதே கேள்வி. நோயாளி விழித்திருந்தால், அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் பொம்மையை எதிர்ப்பக்கக் கையில் கொடுத்துவைப்பதுண்டு. அவ்வப்போது அழுத்தச் சொல்கிறார்கள். சத்தம் வந்தால் வேலை தொடரும். வராவிட்டால் ஷண்ட் என்னும் சிறு குழாயைத் தமனிக்குள் செருகி ரத்தம் அனுப்ப வேண்டும். படிவை உரித்தபின் சுவரில் ஒட்டியிருக்கும் இழைகளை, ஹெபாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிப் பொறுக்குகிறார்கள். கடைசியில் கிளாம்பை எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முகத்துக்குப் போகும் கிளையில் முதலில் ரத்தத்தை விடுகிறார்கள். மிச்சமிருக்கும் காற்றோ துகளோ அந்தப் பக்கம் போகட்டும் என்று. மூளைக்குப் போகும் கிளை அதற்குப் பிறகே. இந்த வரிசையைப் புத்தகத்தில் படித்துவிடலாம். பதற்றத்திலும் பிசகாமல் செய்யப் பழக்கம் வேண்டும்.

இனி முறைகளுக்கு வருவோம். தமனியை நெடுக்காகப் பிளந்து, படிவை எடுத்தபின் மாட்டின் இதய உறையிலோ டாக்ரானிலோ ஒட்டு வைத்துத் தைப்பது ஒரு வழி. மூளைக்குப் போகும் கிளையை அடியில் வெட்டி, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் அதன் வெளிச்சுவரை மேலே புரட்டிப் படிவை வெளியே எடுத்து, திரும்ப அதே இடத்தில் தைப்பது இன்னொன்று. புரட்டும் முறையில் ஒட்டு தேவையில்லை. ஆனால் ஷண்ட் செருகுவது கடினம். இத்தாலியில் 1,353 நோயாளிகளை வைத்து நடந்த எவரெஸ்ட் ஆய்வில் இரண்டுக்கும் பக்கவாத ஆபத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தெளிவாகப் பின்தங்குவது, ஒட்டு வைக்காமல் நேரே தைத்து மூடும் வழக்கம்தான். அதில் தமனி மறுபடி குறுகுவது அதிகம். மயக்கமா விழிப்பா என்ற கேள்விக்கு 2008-ல் வெளியான காலா ஆய்வு 3,526 பேரிடம் விடை தேடியது. ஆபத்து மயக்கத்தில் 4.8 சதவீதம், விழிப்பில் 4.5 சதவீதம்; வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

கத்தி எதற்கு, ஸ்டென்ட் போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. 2010-ல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கும், அறுவை செய்தவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் வந்தது. மாரடைப்பு இதற்கு நேர்மாறு: 1.1, 2.3. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே பாதுகாப்பு. கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்றவருக்கு ஸ்டென்ட் பொருந்தலாம்.

கையின் தரம் முக்கியம் என்பதற்கு என் வலுவான சான்று 1991-ன் நாசெட் ஆய்வு. எழுபது சதவீதத்துக்கு மேல் குறுகி, அறிகுறியும் கண்டவர்களில், மருந்து மட்டும் எடுத்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டாண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம். அறுவை செய்தோரில் 9 பேருக்கு. இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். பழைய கணக்கில் பக்கவாதமும் மரணமும் 6 சதவீதத்துக்குள் இருந்த அறுவை நிபுணர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தக் கை இல்லாத இடத்தில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. நேரமும் அப்படித்தான். 2004-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் ஆய்வில் சேர்ந்தோரில் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க 5 பேருக்கு அறுவை செய்தால் போதும். பன்னிரண்டு வாரம் தாண்டிச் சேர்ந்தோரில் 125 பேருக்குச் செய்ய வேண்டும். அந்த ஆய்வுகளுக்குப் பிறகு மருந்துகள் எவ்வளவோ முன்னேறிவிட்டனவே என்ற மறுப்பை, அறிகுறியே இல்லாதவர்கள் விஷயத்தில் நான் ஏற்கிறேன். அவர்களை அவசரப்பட்டு மேசையில் கிடத்தக் கூடாது. அறிகுறி வந்துபோனவர்களுக்கு அந்த மறுப்பு பொருந்தாது.

பிரிட்டனில் 2013-ல் ரத்தக் குழாய் அறுவை நிபுணர்களின் விளைவுகளைப் பெயர்வாரியாக வெளியிடத் தொடங்கினார்கள். அப்படிச் செய்தால் சிக்கலான நோயாளிகளை மருத்துவர்கள் தட்டிக்கழிப்பார்கள் என்ற பயம் பொய்யல்ல. நோயின் கடுமையைக் கணக்கில் சேர்த்து வெளியிடுவதே அதற்கு மருந்து, கணக்கை மூடிவைப்பது அல்ல. அப்படி எல்லா இடத்திலும் வெளியாகும்வரை நோயாளிதான் கேட்க வேண்டும். ஒரு கை திடீரென்று சோர்ந்தாலோ, ஒரு கண் சில நிமிடம் இருண்டாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை என்று சொன்னால், ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது, எனக்கு எந்தத் தேதியில் செய்வீர்கள் என்று கேளுங்கள்.