அடுப்பும் அத்தரும்

வீட்டில் அடுப்பு மாறும்போதெல்லாம் வீட்டின் வாசனையும் மாறிவிடுகிறது. என் வயதுக்காரர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். விறகு அடுப்பு, குமுட்டி, மரத்தூள் அடுப்பு, திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ், கேஸ், இப்போது இண்டக்‌ஷன் என்று ஒரே ஆயுளில் ஏழு அடுப்புகளைப் பார்த்துவிட்ட தலைமுறை நாம். நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. பாக்கியமா என்று நம் அம்மாக்களிடம் கேட்டால் ஊதாங்குழலைக் கையில் எடுத்திருப்பார்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் சவுக்கு விறகு எரிந்தால் ஒரு வாசம், புளிய விறகு எரிந்தால் வேறு வாசம். மழைக்காலத்தில் ஈர விறகு வந்துவிட்டால் சாதத்திலேயே புகை ஏறிவிடும். மரத்தூள் அடுப்புக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்துவிட்டுப் பாட்டிலை மெல்ல உருவ வேண்டும். அந்த வேலை எனக்கு. அது எரியும்போது தச்சுப்பட்டறை வாசம் வீடு முழுக்க வரும். வெந்நீருக்குக் கொட்டாங்குச்சி. அப்புறம் ரேஷனில் கிருஷ்ணாயில் வாங்கி திரி ஸ்டவ் ஏற்றிய காலத்தில், காபியைக் கொஞ்சம் நேரம் மூடாமல் வைத்தால் போதும், அதில் கிருஷ்ணாயில் வாசம் ஒட்டிக்கொள்ளும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைப் பார்ப்பார். அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

மனிதர்களுக்கும் அப்போது ஆளுக்கொரு வாசனை இருந்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே தாழம்பூ மடலும் காய்ந்த மரிக்கொழுந்தும் இருக்கும். அப்பா குளித்துவிட்டு வந்தால் விபூதியோடு ஒரு சிட்டிகை ஜவ்வாது. மாமா வந்துபோனால் குட்டிக்கூரா பவுடர் வாசம் திண்ணையில் அரை நாள் தங்கும். மாதம் ஒருமுறை அத்தர் பாய் வருவார். மரப்பெட்டியைத் திறந்தால் வரிசையாகக் குட்டிக் குட்டி சீசாக்கள். புறங்கையில் லேசாகத் தடவி, "இப்ப மோந்து பாக்காதீங்க தம்பி, தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வந்து பாருங்க" என்பார். வாங்குகிறவர்கள் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு காது மடலில் செருகிக்கொள்வார்கள்.

அத்தர் எடுக்கவும் அடுப்புதான் வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊர் இதற்குப் பேர் போனது. பெரிய செப்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, விறகும் வரட்டியும் வைத்து நிதானமாக எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் இன்னொரு பாத்திரத்துக்குப் போகும். அதில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் வாசம் சந்தனத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த மண்ணை இதே மாதிரி வடித்து, முதல் மழை வாசனையையே அத்தராக்கி விற்கிறார்கள். ஸ்ப்ரே பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால், அடித்தவுடன் பறந்துவிடும். அத்தர் எண்ணெயில் இருப்பதால் அவசரப்படாது. தெருக்கோடி வரை போய்வரச் சொன்ன பாய் விவரமானவர்.

என் மனைவிக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. அவளுக்கு மனோரஞ்சிதம். அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கொடி உண்டு. பூ பச்சையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் வாசனை. மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழ வாசனை வரும் என்று சொல்வார்கள். கல்யாணமான புதிதில் ஒரு பூவை என் கையில் கொடுத்து, "என்ன பழம்?" என்று கேட்டாள். நான் வாழைப்பழம் என்றேன். "உங்களுக்கு அவ்வளவுதான் கற்பனை" என்றாள். நாற்பது வருடமாக இதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

2021 மே மாதம் எங்கள் இருவருக்கும் கொரோனா வந்தது. நான் பத்து நாளில் எழுந்துவிட்டேன். அவளும் எழுந்துவிட்டாள், ஆனால் மூக்கு திரும்பவில்லை. இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள், மாதங்கள் போயின. காபி, பெருங்காயம், மல்லிகை, சாம்பிராணி எதுவுமே இல்லை. "வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கு" என்பாள் காபியை. முதலில் இருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் போய்விட்ட நேரத்தில் மூக்கைப் பற்றிப் புலம்புவது அழகில்லை என்று நினைத்தோம்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை. பால் அடுப்பில் இருந்தது. அவள் அடுப்புக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து மனையில் போர் போட்டுக்கொண்டிருந்த சத்தம். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் வந்துகொண்டே இருந்தது. பூ வாங்கப் போயிருந்த நான் ஹாலில் கால் வைத்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, கொல்லைக் கதவைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாதே என்று சொல்லி அவளை வெளியே கூட்டிவந்தேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கையில் கீரைக் கட்டோடு, "எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுததைப் பார்த்தேன்.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் கேஸ் நாற்றம் என்று சொல்வது எத்தில் மெர்காப்டன் என்ற பொருளின் நாற்றம். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய முன்னூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதை அந்த மாநிலம் சட்டமாக்கியது. மற்ற இடங்களும் பின்பற்றின. ஆக, நம் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் சமைப்பவரின் மூக்கை நம்பித்தான் இருக்கிறது. அந்த மூக்கு வேலை செய்யவில்லை என்றால்? இன்னொன்று, இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

துபாயில் இருக்கும் மகள் விஷயம் கேட்டதும், "அம்மா இனிமே சமைக்க வேண்டாம்பா, ஆள் வச்சிடலாம்" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி அடுக்களையிலிருந்தே, "சமைக்கிறது மூக்கு மட்டுமாடி? கண்ணு இருக்கு, காது இருக்கு, கை இருக்கு. ஆள் வச்சா நான் என்ன பண்ணணும், உங்கப்பா மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. சமையலை விட்டுவிட்டால் அவள் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அடுப்பை மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

இண்டக்‌ஷன் என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, ஈ.பி. பில் எகிறாதா என்பது. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருப்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் அதில் ஏறத்தாழ பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி அடுக்களையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் பாத்திரமே சூடாவதால் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே போகும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பத்தில் ஒரு பங்கு யூனிட் போதும். ஆக ஒரு சிலிண்டர் வேலைக்கு 120 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு சிலிண்டர் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். நம் ஊரில் ரீடிங்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். கணக்கு சுலபமாகிவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில். சாதாரண மாதங்களில் எங்களுக்கு 290 யூனிட் ஆகும். 120 சேர்ந்தால் 410, கவலையில்லை. கோடையில் ஏ.சி. ஓடும்போது 430. அதோடு 120 சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற சலுகையும் போய்விடும். இதற்கு வழி தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். புது பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட். எங்கள் வீட்டு மூன்று ஃபேன்களும் சேர்ந்து தினம் 28 மணி நேரம் ஓடுகின்றன. மாற்றினால் இரண்டு மாதத்தில் 79 யூனிட் மிச்சம். கோடையிலும் 471-ல் நின்றுவிடும். மாற்றினோம், நின்றது.

அலுமினியப் பாத்திரங்களும் மண்சட்டியும் இண்டக்‌ஷனுக்கு ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். காந்தத்தை எடுத்துக்கொண்டு அலமாரி முழுக்கச் சோதித்ததில் அவளுடைய இரும்புத் தோசைக்கல் தேறியது. ஈயச் சொம்பு இதற்கு ஆகாது. வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று அதற்குத் தனிப் பழக்கம் உண்டு. ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக்கொள்கிறாள். கேஸை முழுதாக அனுப்பிவிடவும் அவள் சம்மதிக்கவில்லை. "கரண்ட் போனா? அப்பளம் சுட வேண்டாமா?" எனவே ஒரு சிலிண்டர் இருக்கிறது. ஆனால் கசிவைக் காட்டும் கருவி ஒன்றை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டியிருக்கிறோம். ரெகுலேட்டர் எப்போதும் மூடியே இருக்கும். 1906 என்ற அவசர எண் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

மூக்குக்கு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் 2009-ல் எழுதிய பயிற்சி ஒன்றைச் சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நாலு வாசனை. காலை ஒரு தரம், இரவு ஒரு தரம், ஒவ்வொன்றையும் சில விநாடிகள் நிதானமாக முகர வேண்டும். முகரும்போது அது என்னவென்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது பன்னிரண்டு வாரம். கடையில் வாங்க ஒன்றுமில்லை. பன்னீர், ஊட்டித் தைலம், எலுமிச்சைத் தோல், அஞ்சறைப் பெட்டிக் கிராம்பு. நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தோம். "நினைச்சா வாசனை வரும்னா இது மனோரஞ்சிதம் கதைதான்" என்று சிரித்தாள்.

நாலு மாதம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது கோணலாக வந்தது. காபி ரப்பர் எரிகிற மாதிரி நாறுகிறது என்றாள். வெங்காயத்தைக் கிட்டவே கொண்டுவர விடவில்லை. நரம்பு மறுபடி வளரும்போது இப்படி ஆவதுண்டு, நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டர். ஐந்து மாதம் நானும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

இந்தக் காலத்தில் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. "கொஞ்சம் வந்து மோந்து சொல்லுங்க" என்று கூப்பிடுவாள். மிளகாய் கமறுகிறதா, ரசம் மணக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். நல்லாருக்கு என்றால் விடமாட்டாள். "நல்லாருக்குன்னா? கொத்தமல்லி தூக்கலா, பூண்டு தூக்கலா?" கல்யாணத்துக்குப் போய்வந்தால் பஸ்ஸிலேயே விசாரணை: "பெண்ணோட அத்தை என்ன சென்ட் போட்டிருந்தா? அந்தப் பூ முல்லையா, ஜாதியா?" நாற்பது வருடம் அவள் பக்கத்தில் இருந்தும் முல்லைக்கும் ஜாதிக்கும் வாசனையில் வித்தியாசம் கவனிக்காதவன், இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டேன். முல்லை மெல்லிசு, ஜாதி கொஞ்சம் இனிப்பு. வெட்டிவேர் என்றால் நனைந்த மண்ணும் காய்ந்த புல்லும். மரிக்கொழுந்து கிட்டத்தட்ட மருந்து. சொல்லச் சொல்ல அவளுக்கு ஞாபகம் வரும்; "ஆமாமா, அதேதான்" என்பாள்.

மகள் வருடாவருடம் ஊத் வாசனைத் திரவியம் ஒரு பாட்டில் கொண்டுவருவாள். அரபிக்காரர்கள் ஊத் என்பதும் நம் அகிலும் ஒன்றுதான். அந்த வருடமும் கொண்டுவந்து அம்மாவின் மணிக்கட்டில் தடவினாள். இவள் கண்ணை மூடி முகர்ந்து, "ரொம்ப நல்லாருக்குடி, போன தடவையைவிட ஜாஸ்தி" என்றாள். மகள் தூங்கிய பிறகு என்னிடம் கையை நீட்டி, "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றாள். கோயில் மரக்கதவைச் சந்தனத்தால் துடைத்த மாதிரி இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா வராவிட்டாலும் மூக்கின் கூர்மை தானாகவே குறையும். மெல்லக் குறைவதால் தெரிவதில்லை. கண்ணுக்குப் பரிசோதனை செய்கிறோம், சர்க்கரைக்குச் செய்கிறோம். இதையும் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது காபிப் பொடி, கிராம்பு, சோப்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகில் கொண்டுவரச் சொல்லுங்கள். தடுமாறினால் டாக்டரைப் பாருங்கள். கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் கையோடு பார்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் அந்தக் கருவி ஒன்று அவசியம் இருக்கட்டும்.

இப்போது அவளுக்கு எலுமிச்சை முழுதாக வந்துவிட்டது. தைலம் வந்துவிட்டது. காபி முக்கால்வாசி சரி. கிராம்பு சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. ரோஜா இன்னும் வரவில்லை. இன்று ராத்திரியும் நாலு பாட்டில்களையும் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறாள். பன்னீர் தீர்ந்துவிட்டதாம், நாளைக்கு வாங்கிவர வேண்டும்.